கிளவுஸ்காரன்

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே முதல் பரிசு ஒரு நாலடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். அதை வாங்கிய கையோடு படம் வரைவதை நிறுத்திவிட்டேன். பரிசு கிடைக்கவில்லை என்று நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர் உண்டு. பரிசு கிடைத்து நிறுத்தியவன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் பிற்பாதி அது. எஸ்டேட்டில் தண்ணீர் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் பாதி ஷிப்டில் கழன்றார்கள், யாருடைய சித்தப்பா அந்த வருஷத்தில் இரண்டாம் முறையாகக் காலமானார் என்பதையெல்லாம் எழுதி வைப்பது என் வேலை. வீடு மண்ணூர்பேட்டையில். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் வீட்டில் கேட்கும். ஊதிய பிறகு கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். என் அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் அடுத்தவர்களுக்கு நாற்று நட்டவர். எங்கள் குடும்பத்தில் கையில் அழுக்குப் படாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில் வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு சட்டை போடமாட்டேன். பாக்கெட்டில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். இரண்டாவது பேனா எழுதாது. அது சும்மா கம்பீரத்துக்கு.

படம் வரைவது மட்டும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்த பழக்கம். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. டிராயிங் ஆபீஸில் வேண்டாம் என்று தூக்கிப் போடும் ப்ளூபிரிண்ட் தாள்களைச் சுருட்டி எடுத்துவருவேன். அமோனியா வாடை அடிக்கும். அவற்றின் பின்பக்கத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு வரைவேன். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவர், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் காணாமல் போனவர், தையல் மிஷினில் குனிந்திருக்கும் என் மனைவி. வரையும்போது நான் ஒன்றையும் யோசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிடவேண்டும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பாதுகாப்பு வாரம் என்று வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் தொழிற்சாலையில் கொண்டாடுவார்கள். ஏழு நாள் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்போம். அந்த வருஷம் சுவரொட்டிப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டியவனே நான்தான். அன்று சாயங்காலமே வரைய உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு தொழிலாளி. பார்க்க லட்சணமாக இருப்பார். நீலச் சட்டை, தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, காலில் பூட்ஸ். பாதுகாப்பு என்று பெயருள்ள எதையும் விட்டுவைக்கவில்லை. முத்தாய்ப்பாக இரண்டு கையிலும் முழங்கை வரை பளிச்சென்ற மஞ்சள் கையுறை. அந்தக் கைகளோடு, இரும்பைச் சுழற்றிக் கடைந்துகொண்டிருக்கும் லேத் இயந்திரத்தின் மேல் அவர் குனிந்து, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: 'உன் கை உன் குடும்பத்தின் சொத்து.' அந்த வாசகத்தை எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது.

நடுவர்கள் மூன்று பேர். பர்சனல் மேனேஜர், கணக்குப் பிரிவு அதிகாரி, தலைமை விருந்தினராக வந்திருந்த ஒரு பெரிய மனிதரின் மனைவி. மூன்று பேரும் வாழ்க்கையில் லேத்தைத் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. ஆகவே எங்கள் நான்கு பேருக்கும் கருத்து வேறுபாடே வரவில்லை. அந்தக் கையுறையின் மஞ்சள் நிறம் ரொம்ப உயிரோட்டமாக இருக்கிறது என்று அந்த அம்மாள் தனியாகப் பாராட்டினார். கேரியரை என் கையில் கொடுத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மெஷின் ஷாப்பில் குடிதண்ணீர் குழாய்க்குப் பக்கத்தில் மாட்டினார்கள். மத்தியானம் நான் அந்தப் பக்கம் எதேச்சையாகப் போவதுபோல் போனேன். ஆறாம் நம்பர் லேத்தில் வேலை செய்யும் டர்னர் தண்ணீர் டம்ளரோடு படத்தின் முன்னால் நின்றிருந்தார். மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர், என் வயதுதான். ரசிக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், இவுரு யாரு?"

"யாரும் இல்ல. பொதுவா ஒரு தொழிலாளி."

"இன்னா மிசின்ல நிக்கிறாரு?"

"லேத்."

"மிசினு ஓடிகினு கீதா, நின்னுகினு கீதா?"

"ஓடுது. பாருங்க, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கு, அது சுத்தறது தெரியட்டும்னு சுத்திலும் கோடு போட்டிருக்கேன்" என்றேன். அந்தக் கோடுகளில் எனக்குத் தனிப் பெருமை.

டர்னர் மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தார். "அப்போ சாயங்காலம் இவுருக்குக் கை இருக்காது சார்."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். "சுத்தற மிசினாண்ட கிளவுஸ் மாட்டவே கூடாது. நூலு ஒண்ணு சிக்கிச்சுன்னா போதும், கிளவுஸோட கையையும் உள்ள இஸ்துகினு பூடும். வெறுங்கையா இருந்தா தோலு உரியறதோட தப்பிச்சுக்கலாம். வேலைக்கு வந்த மொத நாளு இத்தத்தான் சார் சொல்லுவாங்க." பிறகு குனிந்து வாசகத்தைச் சத்தமாகப் படித்தார். "உன் கை உன் குடும்பத்தின் சொத்து." இரண்டாம் முறை இன்னும் சத்தமாகப் படித்தார்.

பக்கத்து லேத்துக்காரர்கள் வந்தார்கள். மில்லிங் மிஷின்காரர்கள் வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சிரிக்கும்போது இயந்திரச் சத்தமே கேட்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "கைய எடுத்துகினு கேரியரு குடுத்துட்டாங்களா சார்?" என்று ஒருவர் கேட்டார். வன்மமில்லாத கேலிதான். எனக்குத்தான் காது இரண்டும் சுட்டது.

நேராகப் பர்சனல் மேனேஜரிடம் போய்ப் படத்தைக் கழற்றிவிடலாம் என்றேன். அவர் பதறிப்போனார். தலைமை விருந்தினர் கையால் பரிசு கொடுத்த படத்தைக் கழற்றுவதா, அது நன்றாகவா இருக்கும் என்றார். மேலும், கண்ணாடிச் சட்டத்துக்கு அவர் மேலிடத்தில் எழுதி அனுமதி வாங்கியிருந்தார். ஆகவே அது அங்கேயே இருந்தது. தொழிற்சாலையில் தாகம் எடுக்கிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் எனக்குக் 'கிளவுஸ் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. வருகைக் கார்டு தொலைந்தால் "கிளவுஸ் சாராண்ட கேளு" என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதுதான் என் பெயர் என்று நினைத்து மரியாதையாகவே அப்படிக் கூப்பிட்டார்கள்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அதுதான் முடியவில்லை. சிரிப்பைவிட ஒன்று என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. டைம் ஆபீஸின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஷாப். ஆறு வருஷம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு வருஷத்தில் ஒரு மனிதனின் கையைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. அப்புறம் என்ன வரைகிறவன்?

இனி வரைந்தால் தப்பில்லாமல்தான் வரைவது என்று முடிவு செய்தேன். அதோடு என் கதை முடிந்தது.

முதலில் ஒரு காக்கை. வீட்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தது. தலை, மூக்கு, உடம்பு எல்லாம் போட்டாயிற்று. கால் விரலில் வந்து நின்றேன். முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை? கிட்டே போய்ப் பார்த்தேன். பறந்துவிட்டது. மறுநாள் சோறு வைத்துக் கூப்பிட்டேன். சோற்றைத் தின்றுவிட்டு, நான் குனிவதற்குள் பறந்தது. ஒரு காக்கைக்குக்கூட என்மேல் நம்பிக்கையில்லை. அடுத்து ஒரு சைக்கிள். செயின் எந்தப் பக்கம் என்று பார்க்க வெளியே போனேன். வந்து உட்கார்ந்ததும் கம்பிகள் எத்தனை என்ற சந்தேகம். எண்ணிவிட்டு வந்தேன். பின்சக்கரத்துக்கும் அதே எண்ணிக்கைதானா என்று மறுபடி போனேன். எல்லாம் தெரிந்துகொண்டு திரும்பியபோது வரையவேண்டும் என்ற ஆசை போயிருந்தது.

பிறகு, தாள் சரியில்லை என்று கண்டுபிடித்தேன். பாரிமுனை வரை போய்க் கெட்டியான நல்ல தாளும் வண்ணப் பெட்டியும் வாங்கிவந்தேன். அந்தத் தாளின் வெண்மையைப் பார்த்ததும் இன்னும் பயமாகப் போய்விட்டது. ப்ளூபிரிண்ட் பின்பக்கத்தில் கிறுக்கலாம், இதில் கிறுக்க முடியுமா? பீரோவுக்கு மேல் பத்திரமாக வைத்தேன். வெளிச்சம் போதவில்லை என்றேன். மேஜை ஆடுகிறது என்றேன். பக்கத்து வீட்டு ரேடியோவையும் விட்டுவைக்கவில்லை. என் மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். பெடலை மிதித்துக்கொண்டே கேட்பாள்.

"வெளிச்சம் வந்தாத்தான் தைப்பேன்னு நான் சொன்னா இந்தத் தெருவுல எத்தினி பேரு பிளவுஸ் போட்டுகினு போவாங்க?"

வரையும் பலகையை அவளே எடுத்துப் போய் மொட்டைமாடியில் வைத்து வடாம் பிழிந்தாள். பலகை நன்றாக இருக்கிறது, ஆடாமல் நிற்கிறது என்று சான்றிதழும் கொடுத்தாள். தினமும் மத்தியானம் அந்தப் பரிசுக் கேரியரைத் திறந்து, அதே வடாத்தைத்தான் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. வெளியே சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே எதுவோ நின்றுபோயிருந்தது. ஒருநாள் ஆவடி போகும் பஸ்ஸில் ஒரு பெண்மணி மடியில் பலாப்பழத்தைக் குழந்தையைப்போல் அணைத்துப் பிடித்து, அதன்மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். என் விரல்கள் தொடைமேல் தானாக அசைந்தன. உடனே அந்தப் பழத்துக்கு முள் எத்தனை வரிசை என்ற கேள்வி வந்துவிட்டது. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பலாப்பழத்துக்காக அழுதவன் என்று வெளியே சொல்ல முடியுமா?

இதற்கிடையில் முகப்பேர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு டீச்சரம்மா என் மனைவியிடம் பிளவுஸ் தைக்க வந்தார். தங்கை கல்யாணத்துக்கு. முதுகுப் பக்கம் புது மாதிரியாகக் கழுத்து வைக்கவேண்டும், ஆனால் எந்த மாதிரி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "எங்க ஊட்டுக்காரரு வரைஞ்சு காட்டுவாரு, ஞாயித்துக்கெழம வாங்க" என்று என் மனைவி வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று நாள் அதிலேயே கிடந்தேன். டீச்சரம்மாவின் தோள் அகலம் கேட்டேன். கழுத்து நீளம் கேட்டேன். கழுத்து நீளத்தையெல்லாம் எந்தத் தையல்காரி அளப்பாள் என்று என் மனைவி முறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரம்மா வந்து உட்கார்ந்தபோது என் தாளில் ஒரே ஒரு கோடு இருந்தது. அது முதுகெலும்பு.

என் மனைவி அந்தக் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்துச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். கழுத்தே இல்லாத ஒரு தலை. பரோட்டா மாவு உருண்டை மாதிரி உடம்பு. இரண்டு பக்கமும் இரண்டு முருங்கைக்காய், அவைதான் கைகள். முதுகில் கழுத்து வெட்டாக ஒரு பானை வடிவம், அதன் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாக முத்து. டீச்சரம்மா எட்டிப் பார்த்து, "ஐயய்யோ, இது நானா?" என்றார். "நீங்க இன்னும் கொஞ்சம் சேப்பா இருப்பீங்க" என்றாள் இவள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, பானை வடிவம்தான் வேண்டும், முத்து இன்னும் இரண்டு வரிசை போடலாம் என்று முடிவாகிவிட்டது. ஐந்து நிமிஷ வேலை.

அவர் போன பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தோள் அப்படி இருக்காது" என்றேன்.

"தெரியுமே. எனக்கு வரைய வராதுன்னு ஊருக்கே தெரியும். தப்பாப் போட்டேன்னு யாரு வந்து சண்டைக்கு நிப்பாங்க? நீங்கதான் கேரியரு வாங்கின ஆர்ட்டிஸ்டு. பாவம், முதுகெலும்பு போடவே மூணு நாளு ஆவுது" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

தரையில் அந்த உருவம் கிடந்தது. பக்கத்திலேயே சாக்கட்டியும் கிடந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. என் படத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷமாகச் சிரித்ததில்லை. அந்த உருவத்தின் முருங்கைக்காய் கைகள் மொட்டையாக முடிந்திருந்தன. விரல் போட அவளுக்குப் பொறுமையில்லை. நான் குனிந்து, சும்மா, அந்தக் கைகளுக்கு முழங்கை வரை கிளவுஸ் மாட்டிவிட்டேன். இரண்டு பெரிய, தடித்த, எதற்கும் உதவாத கிளவுஸ்.

அவள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்தக் கையோட மிசின்ல உக்காந்தா ஊசி கிளவுஸையும் பிளவுஸையும் சேத்து தச்சுடும்" என்றாள். உடனே அதை வரைந்தேன். பிளவுஸோடு சேர்த்துத் தைக்கப்பட்ட தையல்காரி. பெடலுக்கு அவள் கால் எட்டாததால் இரண்டு இட்லிப் பானையை அடுக்கினேன். மிஷின் பெல்ட்டைக் கொண்டுபோய்ச் சுவர்க் கடிகாரத்தில் மாட்டினேன். "கத்திரிக்கோல எங்க காணோம்?" என்றாள். அதைத் தையல்காரியின் கொண்டையில் செருகினேன். கூடம் முழுக்கப் பரவி, வாசல்படிவரை போய்விட்டேன். காக்கைகூட ஒன்று வந்தது, காலுக்கு ஏழு விரல். அது பறக்கவில்லை. நான் சொன்னபடி உட்கார்ந்தது.

சோறு குழைந்துபோயிருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்னை மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, இரண்டு வருஷமாக ஒரே தடவையில் எழுந்து வந்துகொண்டிருந்தேன் என்று.

அந்த மாசமே பாதுகாப்பு வாரத்துக்கு நோட்டீஸ் வந்தது. போட்டிக்குப் படம் தருகிறீர்களா என்று பர்சனல் மேனேஜர் கேட்டார். தருகிறேன், ஆனால் இந்தத் தடவை எல்லாமே தப்பாக இருக்கும் என்றேன். அவர் போன தடவை என்ன தப்பு என்று கேட்டார். இரண்டு வருஷம் ஆகியும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஒரு மெஷின் ஷாப், அதில் நடக்கக்கூடாத அத்தனையும் ஒரே சமயத்தில் நடக்கிறது. பார்ப்பவர்கள் தப்புகளைக் கண்டுபிடிக்கவேண்டும். ஆனால் உட்கார்ந்து பட்டியல் போட்டால் ஐந்து தப்புக்குமேல் எனக்குத் தெரியவில்லை. அதில் இரண்டு, தப்பா சரியா என்று சந்தேகம் வேறு. தப்பாக வரைவதற்கும் விவரம் வேண்டியிருக்கிறது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மெஷின் ஷாப்புக்குள் போனேன்.

"இன்னா சார் இந்தப் பக்கம்? கிளவுஸ் கொண்டாந்தியா?" என்றார் டர்னர்.

"இங்க என்னென்ன தப்பு நடக்கும்னு தெரிஞ்சுக்கணும்" என்றேன்.

கேட்டிருக்கக்கூடாது. டைம் ஆபீஸ் ஆள் வந்து என்ன தப்பு நடக்கிறது என்று கேட்டால் எவன் வாயைத் திறப்பான்? சட்டென்று எல்லோரும் யோக்கியர்களாகிவிட்டார்கள். ஒருவர் அவிழ்ந்த சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். இன்னொருவர் செருப்புக் காலைப் பெஞ்சுக்குக் கீழே இழுத்துக்கொண்டார். மெமோ வரப்போகிறது என்று முணுமுணுப்பு கேட்டது.

நான் பாக்கெட்டிலிருந்து சாக்கட்டியை எடுத்தேன். தரையில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டைக்காரன் மெஷின் ஷாப் தரையில் உட்கார்ந்ததையே அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். இரண்டு பேனா, எண்ணெய் வழிய வாரிய தலை, முன்னால் தள்ளிய வயிறு என்று என்னையே வரைந்தேன். முழங்கை வரை கிளவுஸ் மாட்டினேன். சக்குக்குள் கையை விட்டேன். வயிற்றில் கேரியரைத் தொங்கவிட்டேன். தலைக்குமேல் சிரிப்புச் சத்தம் கேட்டது. டர்னர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சக்க முடுக்கற சாவிய அதுலயே உட்டுட்டு ஸ்விச்ச போடற மாதிரி போடு சார். சாவி தோட்டா மாரி பறந்து வரும்" என்றார்.

அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. பிடி இல்லாத அரத்தால் தேய்ப்பது, ஏணி கிடைக்காமல் டிரம்மின்மேல் ஏறுவது, காற்றுக் குழாயால் சட்டைத் தூசியை ஊதிக்கொள்வது, தூக்கிய பளுவுக்குக் கீழே நின்று டீ குடிப்பது. ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்ற எல்லோரையும் காட்டிக்கொடுத்தார்கள். மணல் வாளியில் மணலுக்குப் பதில் வெற்றிலை எச்சில், முதலுதவிப் பெட்டிக்குப் பெரிய பூட்டு, சாவி வைத்திருப்பவர் லீவு. அவர் யார் என்று சொல்லமாட்டேன், எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வாரம் தினமும் அரைமணி நேரம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வரைந்தேன். எட்டு வருஷம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது அவர்கள் எல்லோரும் நீலச் சட்டைகள். கிட்டே போனதும்தான் கைகள் தெரிந்தன. டர்னர் அளவுக்கருவியை இரண்டே விரலில் பிடிப்பார், ஏதோ பூவைப் பிடிப்பதுபோல. அவர் சுண்டுவிரலில் நகம் இல்லை. கேட்டேன். "அது வேலைக்கி வந்த புச்சுல" என்று அதோடு விட்டுவிட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இவ்வளவையும் பார்க்கக் கிடைத்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தது. ராத்திரி சாப்பாட்டின்போது என் மனைவிக்கு யார் கை எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். "சாம்பார்ல கை விட்டுகினு கீறீங்க" என்பாள்.

ஆறு ப்ளூபிரிண்ட் தாள்களை மைதாப் பசையால் ஒட்டி ஒரே தாளாக்கிக் கொடுத்தவள் அவள்தான். நல்ல வெள்ளைத் தாள் பீரோவுக்கு மேலேயே இருந்தது. இருபத்திரண்டு தப்புகள் வைத்தேன். ஒன்றையும் திருத்தவேண்டியிருக்கவில்லை, எல்லாம் தப்புதானே.

பர்சனல் மேனேஜர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "பாதுகாப்பு வாரத்துல இவ்வளவு ஆபத்தா?" என்றார். இதற்குப் பரிசு கொடுத்தால் தப்புக்குப் பரிசு கொடுத்ததாகாதா என்று கவலைப்பட்டார். கடைசியில் போட்டியில் சேர்க்காமல், கேண்டீன் சுவரில் மாட்டிக்கொள்ள மட்டும் அனுமதித்தார். கண்ணாடிச் சட்டம் கிடையாது. நாலு ஆணிதான்.

மத்தியானம் கேண்டீனில் சாப்பாட்டு வரிசை கலைந்து படத்தின் முன்னால் கூடிவிட்டது. "அதோ பாரு, செருப்பு!" "அரத்துக்குப் பிடி இல்ல!" "யேய், டிரம்மு மேல நிக்கிறது நீதாண்டா!" பக்கத்தில் தொங்கவிட்ட தாளில் ஒருவர் எண் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். நான் தூணுக்குப் பின்னால் டீ டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டும் வந்துவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"இருவத்திமூணு!" என்று யாரோ கத்தினார்கள்.

தூணை விட்டு வெளியே வந்தேன். டிரில்லிங் மிஷினின் கைப்பிடி இடது பக்கம் இருக்கிறதாம். அது நான் வைத்த தப்பு இல்லை என்றேன். "நீ வெக்காம வேற யாரு சார் வெச்சாங்க?" என்றார்கள். இருபத்திநாலு, ஃபேன் இறக்கை எல்லாம் எதிரும் புதிருமாகச் சாய்ந்திருக்கிறது. இருபத்தைந்து, ஒருத்தருக்குக் கட்டைவிரல் தப்பான பக்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் எனக்குள் பழைய சூடு ஏறிக் காதுவரை வந்தது. ஆனால் வந்த வேகத்தில் இறங்கியும் விட்டது. ஏனென்றால் அவர்கள் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வரைந்த ஒவ்வொரு அங்குலத்தையும் யாரோ ஒருவர் விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

முப்பதில் நின்றது. டர்னர் கடைசியாக வந்தார். பஞ்சு வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டே படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்தார். இடது மூலையில் நின்றார். அங்கே இரண்டு பேர் ஒரு பெரிய இரும்புத் தகட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இடத்தை நிரப்ப நான் வைத்தவர்கள், அவர்களிடம் ஒரு தப்பும் கிடையாது.

"சார், முப்பத்தி ஒண்ணு."

"அங்க ஒண்ணும் இல்லயே?"

"இந்தத் தகடு ஓரம் பிளேடு மாரி இருக்கும் சார். வெறுங்கையால தூக்கினா உள்ளங்கை ரெண்டாப் பூடும். இதுக்குன்னே கம்பெனியில குடுக்கிறாங்களே." திரும்பி என்னைப் பார்த்தார். "இவுங்களுக்கு கிளவுஸ் எங்க சார்?"

நான் படத்தைப் பார்த்தேன். அத்தனை பெரிய தாள், அத்தனை மனிதர்கள், அத்தனை கைகள். தரையில் விளையாட்டாக மாட்டியதோடு சரி, தாளில் ஒரு கையில்கூடக் கிளவுஸ் இல்லை. பயந்து பயந்து அதை உலகத்திலிருந்தே துடைத்து எடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. முதலில் சிரித்தது நான்தான். டம்ளர் டீ பாதி வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அப்புறம்தான் மற்றவர்கள் ஆரம்பித்தார்கள். டர்னர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சுவரிலேயே வைத்து நாலு கைக்கும் கிளவுஸ் வரைந்தேன். எண்ணிப் பார்க்கவில்லை, அளக்கவில்லை. "மஞ்சக் கலரு அடி சார், அதான் உனக்கு ராசி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். என் மனைவி கேரியரை அடுக்கு அடுக்காகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த வாட்டி பரிசு இன்னா குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"அப்பாடா" என்றாள். "அப்போ நாளைக்கும் வரைவீங்க."